இளைஞருக்கு என்ன வேண்டும்? முதலில் அவர்களையே கேட்போம்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் தேவைகளைக் கணக்கெடுக்க வருவோர் குழந்தைக்குப் பால்மா, கர்ப்பிணித் தாய்க்குச் சத்துணவு, முதியவருக்கு மருந்து, குடும்பத்துக்கு உலர் உணவு என்று குறித்துக்கொள்வர். அதே குடும்பத்தில் பதினேழு வயது மகனும் பத்தொன்பது வயது மகளும் இருப்பர். 'அங்கத்தவர் ஐவர்' என்ற தொகைக்குள் அவர்கள் அடங்கிவிடுவர். அவர்கள் குழந்தைகளுமல்லர், குடும்பத் தலைவர்களுமல்லர். ஆதலால் அவர்களுக்கெனத் தனியான தேவைகள் உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

பின்னர் அதே பிள்ளைகள் சந்தியில் நின்றால், பொறுப்பில்லாதவர்கள் என்கிறோம். வெளிநாடு போகவேண்டும் என்று அடம்பிடித்தால், காணியை ஈடுவைத்தாவது அனுப்பிவிடப் பார்க்கிறோம். பெண் பிள்ளையென்றால், காலம் சரியில்லை என்று சொல்லி அவசரமாகக் கலியாணம் பேசுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னர் செய்யவேண்டிய ஒன்று உண்டு. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அவர்களிடம் கேட்பதே அது. கேட்டபின், அதற்கான சேவை எங்கே உண்டென்று அறிந்து, ஊராகச் சேர்ந்து அதைப் பெறவேண்டும். இவ்விரண்டையும் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறோம்.

2014 ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையுள்ளோரை இளைஞர் என வகுத்தது. நாமும் அந்த வயதினரையே, ஆண் பெண் இருபாலாரையும், இங்கு கருதுகிறோம்.

இடப்பெயர்வு எதைப் பறித்தது?

வீடும் காணியும் மாடும் போனதை நாம் அறிவோம். இளைஞர் இழந்தவற்றில் சில கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலாவது, தொழிலறிவு. கமம் புத்தகத்தில் படித்து வருவதன்று. தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து, மடை திறந்து கட்டி, எந்த நெல் எந்தத் தரைக்கு ஏற்றது, வெங்காயத்துக்கு எப்போது தண்ணீரை நிறுத்துவது, எந்த இலை மஞ்சளானால் என்ன குறை என்று கண்டு பழகி வருவது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஐந்து வயதில் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைக்கு 2015 இல் முப்பது வயது. அப்பகுதிக் காணிகள் அவ்வாண்டிலும் பின்னரும் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, தன் குடும்பத்தின் செம்மண்ணில் ஒரு போகமேனும் பயிர் செய்து பழகாத ஆளாகவே அந்தப் பிள்ளை அங்கு திரும்பியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், 2006 இல் சம்பூரை விட்டுச் சென்றோரின் பிள்ளைகளுக்கும், 2008, 2009 இல் வன்னியில் இடத்துக்கிடம் ஓடி இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டோரின் பிள்ளைகளுக்கும் ஆண்டுகள் வேறுபடலாம், இழப்பு ஒன்றே.

இரண்டாவது, பாடசாலை ஆண்டுகள். ஐந்து முறை இடம்பெயர்ந்த பிள்ளை ஐந்து பாடசாலைகளில் இடைநடுவில் சேர்ந்திருக்கும். கணிதத்தில் ஓர் ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டின் பாடம் விளங்காது. விளங்காத வகுப்பில் வெட்கத்தோடு இருப்பதைவிடக் கூலிவேலைக்குப் போவது மேல் என்று பிள்ளை தீர்மானிக்கிறது.

மூன்றாவது, ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு ஆகியவை ஓடிய வழியில் தொலைந்தன.

நான்காவது, ஊரில் இருந்த இடம். ஊரில் இளைஞருக்கு வேலையிருந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகை எடுத்து வைப்பது, திருவிழாவுக்குப் பந்தல் போடுவது, செத்தவீட்டில் ஓடியாடி நிற்பது, விளையாட்டுக் கழகக் கணக்கை எழுதுவது என்று பல பொறுப்புகள் இருந்தன. அவற்றால் ஊரார் அவர்களைப் பெயர் சொல்லி அறிந்தனர். முகாமில் அவர்களுக்கு எஞ்சியது வரிசையில் நிற்பது ஒன்றுதான். ஒரு பொறுப்பும் இல்லாத வயதுவந்த பிள்ளைக்குத் தன்மீதே மதிப்புக் குறைகிறது.

நாடு விலைகொடுத்துக் கற்ற பாடம்

இளைஞர் சொல்வதைக் கேளாமல் விட்டதன் விளைவை இந்நாடு பலமுறை அனுபவித்துள்ளது. 1971 இல் தெற்கில் கிளர்ச்சி வெடித்தது. 1980 களின் இறுதியில் அது மீண்டும் வெடித்தது. வடக்கு கிழக்கில் எமது பிள்ளைகள் ஆயுதம் ஏந்திய வரலாற்றை நாம் சொல்லத் தேவையில்லை. 1989 ஒக்டோபரில் அரசு இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவை நியமித்தது. அதன் அறிக்கை 1990 இல் வெளியானது. வேலை வழங்குவதில் அரசியல் தலையீடு, நியாயமாக நடத்தப்படாமை, கற்ற கல்விக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் பொருத்தமின்மை ஆகியவை இளைஞரின் மனக்கசப்புக்குக் காரணங்களாக அதில் எடுத்துக்காட்டப்பட்டன. வறுமை மட்டுமே காரணமன்று. அநீதி என்ற உணர்வே பெரிது என்பதுதான் அதன் சாரம்.

அதே 1990 இல் உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வேட்பாளர் பட்டியல்களில் நூற்றுக்கு 40 பேர் 18 முதல் 35 வயதினராக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்த ஏற்பாடு மாற்றங்களுக்கு உட்பட்டது. ஆயினும் தீர்மானம் எடுக்கும் மேசையில் இளைஞருக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது சட்டத்தில் ஏறியது. பிரதேச சபைக்குப் பொருந்தும் அந்த நியாயம் எமது முகாமின் குழுவுக்கும், மீள்குடியேறிய கிராமத்தின் சங்கத்துக்கும் பொருந்தாதா?

எந்தச் சேவை எங்கே உண்டு?

சேவைகள் இல்லாமலில்லை. அவை பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. முக்கியமானவற்றை இங்கு தருகிறோம்.

இளைஞர் கழகம்: 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது தேசிய இளைஞர் சேவைகள் மன்றம். பிரதேச செயலகங்களில் அதன் இளைஞர் சேவை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். கிராம மட்டத்தில் இளைஞர் கழகம் அமைத்துப் பதிவு செய்ய அவர்களையே நாடவேண்டும். பதிவு பெற்ற கழகம் பிரதேச, மாவட்ட மட்டங்களில் பிரதிநிதித்துவம் பெறலாம்; பயிற்சிகளுக்கும் தன் அங்கத்தவரை அனுப்பலாம்.

தொழிற்பயிற்சி: 1995 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழிற்பயிற்சி அதிகாரசபை பல மாவட்டங்களில் நிலையங்களை நடத்துகிறது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழில் நடைபெறும் இடத்திலேயே பயிலுனராக அமர்த்திக் கற்பிக்கும் முறையைக் கையாள்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகள் வேறு உள்ளன. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. விவசாயத்தில் மேற்படிப்பை விரும்புவோருக்கு வவுனியாவிலும் அம்பாறை மாவட்டத்துப் பாலமுனையிலும் விவசாயக் கல்லூரிகள் உண்டு.

விட்ட படிப்பு: கட்டாயக் கல்வி வயதின் மேல் எல்லை 14 ஆக இருந்தது, 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. எனவே அந்த வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் கடமை பாடசாலைக்கு உண்டு. வயது கடந்தவர் வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவை விசாரிக்கலாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம்.

கமம்: கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் தந்தைமாருக்கு மட்டும் உரியோரல்லர். விதைத் தெரிவு, மண் பரிசோதனை, நாற்றுமேடை, பூச்சி கட்டுப்பாடு ஆகியவற்றைப் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்படி அவர்களைக் கேட்கலாம்.

கைத்திறனுக்குச் சான்றிதழ்

இங்கு ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2004 முதல் இந்நாட்டில் தேசிய தொழில் தகைமை என்ற முறை நடைமுறையில் உள்ளது. என்.வி.கியூ. என்று பேச்சில் சொல்லப்படுவது இதுவே. இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. கீழ் மட்டத்திலிருந்து படிப்படியாக மேலே செல்லலாம். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைக்கும் இந்த ஏணியில் கால்வைக்க இடமுண்டு.

வகுப்புக்குப் போகாமலேயே வேலை பழகியவருக்கும் இதில் வழியுண்டு. முகாமில் இருந்த காலத்தில் மேசனுக்குக் கையாளாகப் போய்ச் சுவர் கட்டப் பழகியவர், நீரிறைக்கும் இயந்திரம் திருத்தப் பழகியவர், ஒட்டுவேலை பழகியவர் எம்மிடையே பலர். அவர்களின் திறமையைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறைக்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தோரின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் உதவும். கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாமையால் குறைந்த கூலிக்கு உழைக்கும் பிள்ளைகள் இதை அவசியம் அறியவேண்டும்.

சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் எல்லா நிலையங்களும் அங்கீகாரம் பெற்றவையல்ல. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்டவேண்டும்.

இவை ஏன் எம்மை எட்டுவதில்லை?

சேவைகள் கிராம அலுவலர் பிரிவை அடிப்படையாகக் கொண்டவை. எமது பிள்ளைகளோ இரண்டு பிரிவுகளுக்கு இடையில் நிற்பவர்கள். இருக்கும் இடத்தில், நீங்கள் இங்கு பதிவானவர் அல்லர் என்பர். சொந்த இடத்தில், நீங்கள் இங்கு வசிப்பவர் அல்லர் என்பர். புத்தளத்தில் தங்கிய வடபகுதி மக்கள், எங்கே வாக்காளராகப் பதிவது, எந்த மாவட்டத்தின் பெயரால் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று ஆண்டுக்கணக்காக அலைந்ததற்குக் காரணம் இதுவே.

வேறு தடைகளும் உண்டு. பயிற்சி நிலையத்துக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி இல்லை. மாலை இருட்டில் மகள் தனியே திரும்புவதைப் பெற்றோர் விரும்புவதில்லை. உதவி நிறுவனங்களோ, கேளாமலே பெண்ணுக்குத் தையலும் ஆணுக்கு மேசன் வேலையும் என்று தீர்மானித்துவிடுகின்றன. ஒரே கிராமத்தில் முப்பது தையல் இயந்திரங்கள் இருந்தால் தைப்பதற்குத் துணி தரப்போவது யார்? பிள்ளைகளையும் சந்தையையும் கேட்டிருந்தால் அந்தப் பணம் வீணாகியிராது.

நாம் ஊராகச் செய்யக்கூடியவை

1. பெயர்ப் பட்டியல். 15 முதல் 29 வயது வரையுள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, படித்த வகுப்பு, பழகிய தொழில், கைவசமுள்ள ஆவணங்கள், விருப்பம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதுபவர்களும் இளைஞராக, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்கட்டும். அங்கவீனமுற்றோரையும், இளவயதில் மணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களையும், காவலில் இருந்து திரும்பியோரையும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் பெரும்பாலும் இவர்களே.

2. தனித்தனியே கேட்டல். பெரியோர் முன்னிலையில் இளைஞர் பேசமாட்டார்கள். ஆண்கள் முன்னிலையில் பெண் பிள்ளைகள் பேசமாட்டார்கள். எனவே வெவ்வேறாக இருத்திக் கேளுங்கள். 'இங்கே ஒரு நாளை எப்படிக் கழிக்கிறாய்? எதைக் கற்க விரும்புகிறாய்? அதற்குத் தடை என்ன? கமம் செய்ய விருப்பமா, இல்லையா?' இந்த நான்கு கேள்விகள் போதும். பதிலுக்கு அறிவுரை கூறவேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஆவணம். முதலில் பிறப்புச் சான்றிதழ். பதிவு இருந்து பிரதி மட்டும் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். கணினியில் ஏற்றப்பட்ட பதிவாயின், பிறந்த இடத்துக்குப் போகாமல் வேறு பிரதேச செயலகத்திலும் பெறலாம். பிறப்புப் பதியப்படவே இல்லையெனில், காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். பாடசாலை அனுமதிப் பதிவு, திருமுழுக்குச் சான்று, சாதகக் குறிப்பு, சிகிச்சைக் குறிப்பேடு போன்றவை இதற்கு ஆதாரமாக உதவும். முன்பு 16 வயதில் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை இப்போது 15 வயதில் கிடைக்கிறது. இப்போது வசிக்கும் இடத்துக் கிராம அலுவலரிடமே முதலில் செல்லுங்கள். ஒவ்வொருவராக அலைவதிலும், பத்துப் பேரின் விண்ணப்பங்களை ஒன்றாகக் கொண்டு செல்வது மேல். ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

4. கழகம். கரப்பந்தாட்டத்துக்காக மட்டும் கூடும் கழகம், பந்து பழுதானதும் கலைந்துவிடும். விளையாட்டு வேண்டியதே; அதனோடு ஒரு பொறுப்பும் வேண்டும். குடிநீர்க் கிணற்றைச் சுத்தமாக வைத்தல், சிறுவருக்கு மாலை வகுப்பு, பொதுத் தோட்டம் என்று ஏதேனும் ஒன்றைக் கையளியுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கணக்கை மாதந்தோறும் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கட்டும். நேர்மையாகக் கணக்கு வைக்கப் பழகுவதும் ஒரு தொழிற்பயிற்சியே.

5. கமத்தைக் கையளித்தல். சொந்த நிலம் இல்லாவிடினும் கால் ஏக்கரைக் குத்தகைக்குப் பெற்று, மூத்த கமக்காரர் ஒருவரின் துணையோடு ஒரு போகம் பயிர் செய்யும் பொறுப்பை இளைஞரிடம் விடுங்கள். விதைத் தெரிவு முதல் விற்பனை வரை அவர்களே தீர்மானிக்கட்டும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கும் அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். அரச காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிந்து வைப்பது நல்லது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயர் குறிக்காமல் இறந்தவரின் காணியில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை அளித்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது. மகளுக்கும் காணியில் பங்குண்டு என்பதை அறிந்து நடப்போம்.

6. அவசரக் கலியாணம் வேண்டாம். போர்க்காலத்தில் பிள்ளையைப் பாதுகாக்கவெனப் பல பெற்றோர் இளவயதில் மணமுடித்து வைத்தனர். பொதுத் திருமணச் சட்டத்தின்படி 1995 முதல் ஆண் பெண் இருபாலாருக்கும் 18 வயது நிறைந்திருக்கவேண்டும். வயது நிறையாத மணம் பதியப்படுவதில்லை. அதனால் கைவிடப்படும் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையை நிறுவ முடிவதில்லை. அவளுடைய பிள்ளையின் பத்திரங்களிலும் சிக்கல் தொடர்கிறது.

மனதின் பாரம்

இளைஞரின் தேவைகளுள் பேசப்படாதது மனவேதனை. கண்டவற்றையும் இழந்தோரையும் பற்றிப் பேசாமல் வளர்ந்த பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். தூக்கமின்மை, காரணமற்ற கோபம், தனிமையில் ஒதுங்குதல், குடி என்று அது வெளிப்படும். இதனைக் குணக்கேடு என்று ஏசினால் பிள்ளை மேலும் ஒதுங்கும்.

1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதால் அந்த விகிதம் பெருமளவு குறைந்தது. இதிலிருந்து கமக்காரக் குடும்பங்கள் கற்கவேண்டியது பெரிது. ஒரு கணநேர வேதனையில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்புகிறது. எனவே மருந்துப் போத்தல்களைக் கொட்டிலின் கூரையில் செருகி வைக்காமல், பூட்டிய பெட்டியில் வையுங்கள். மிகுதி மருந்தை வீட்டில் சேர்க்காதீர்கள்.

பிள்ளையின் போக்கு மாறினால் அருகில் இருந்து கேளுங்கள். சாக நினைக்கிறாயா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மனப்பாரம் இறங்க வழி திறக்கும். அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. சில இடங்களில் 'யொவுன் பியச' என்ற பெயரில் இளைஞருக்கான சுகாதார நிலையங்களும் இயங்குகின்றன. உங்கள் பகுதியில் உண்டா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தாரோடு பேசலாம். தற்கொலைக்கு முயல்வது குற்றமென்ற சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. ஆகவே பொலிசுக்குப் பயந்து எவரும் வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளையைக் கேட்டால், கமம் வேண்டாம் என்று அது சொல்லலாம். அந்தப் பதில் எமக்கு நோகும். தலைமுறையாக உழுத காணியை மீட்க இத்தனை காலம் காத்திருந்தது யாருக்காக என்று தோன்றும். ஆயினும் அந்தப் பதிலையும் கேட்கும் மனம் வேண்டும். மோட்டார் திருத்தப் போகும் மகன் நாளை ஊரின் உழவு இயந்திரத்தைத் திருத்துவான். கணக்கியல் படிக்கும் மகள் கமக்காரர் அமைப்பின் கணக்கைப் பார்ப்பாள். கேட்கப்பட்ட பிள்ளை எங்கிருந்தாலும் ஊரோடு தொடர்பை விடாது.

அடுத்த கூட்டத்தில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, உங்கள் இடத்து இளைஞர் இருவரிடம் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் முதலில் முடியட்டும். அந்தப் பட்டியலோடு பிரதேச செயலகத்துக்குச் சென்று, 'எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர். அவர்கள் கேட்பவை இவை' என்று சொல்லுங்கள். தனியொருவர் போனால் நாளை வரும்படி சொல்லக்கூடும். நாற்பது பெயர் எழுதிய கொப்பியோடு ஓர் ஊர் போய் நிற்கும்போது அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவது எளிதன்று.